ஓடுகிறவருக்கு வைத்த தண்ணீர்

இன்னாசி கடல்மேல் ஓடி வந்துகொண்டிருக்கிறார் என்ற செய்தி எங்கள் நாட்டுக்கு வந்த அன்று துறையில் இருந்தவர்கள்: விளையாட்டுச் சங்கத் தலைவர் மீராசா மரைக்காயர், கையில் குடையோடு; எஸ்தர் நர்ஸ்; கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கொர்னேலி, அவனுடைய மச்சான்மார் இரண்டு பேர்; இன்னாசியின் மனைவி வியாகுலம், கூனி இறால் காயப்போட்ட பாயின் ஓரத்தில்; செய்தி கொண்டுவந்த சரக்குக் கப்பலின் மாலுமி; கிணறுகளில் தண்ணீர் அளந்து கொடுக்கும் நான். ஆக எட்டுப் பேர். கொட்டகை நிழலில் ஆடுகள் பதினொன்று நின்றன. அவற்றை நான் சேர்க்கவில்லை.

மாலுமி தன் பாஷையில் சொல்லச் சொல்ல மரைக்காயர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். நடுக்கடலில், கரை என்று ஒன்றுமே கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நெஞ்சில் எண்பத்தெட்டு என்று எண் குத்திய ஒரு மனிதர் கப்பலின் இடதுபக்கமாக ஓடி வந்தார் என்றும், முழங்கால்வரை நனைந்திருந்தார் என்றும், படகை இறக்கிக் கூப்பிட்டபோது ஏறமாட்டேன், போட்டியில் இருக்கிறேன் என்று கும்பிட்டார் என்றும், கூனித்தீவு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார் என்றும், கப்பலின் வரைபடத்தில் அப்படி ஒரு நாடு இல்லாததால் கிழக்கே பொத்தாம்பொதுவாகக் கைகாட்டி அனுப்பினார்கள் என்றும், அதன்பிறகு தற்செயலாகத்தான் எங்கள் கரை கண்ணில் பட்டது என்றும் சொன்னார்.

"கடல்மேலயா? அப்ப செருப்பு தேயாது" என்றான் கொர்னேலி.

வியாகுலம் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. "இருமினாரான்னு கேளுங்க மரைக்காயரே."

மரைக்காயர் கேட்டார். மாலுமி இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப சரி" என்று அவள் கூனியைத் திருப்பிப் போட்டாள்.

எங்கள் நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். காய்ந்த கூனி ஒன்று வளைந்து கிடப்பதுபோல் நடுக்கடலில் கிடப்பதால் இதற்குக் கூனித்தீவு என்று பெயர். கொடி உண்டு, தபால்தலை உண்டு, கிணறுகள் ஏழு உண்டு. சுதந்திரம் வந்த வருஷமே பஞ்சம் வந்தது, ஐந்து கிணறுகள் வற்றின, அந்த வருஷமே ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்பலாம் என்று உலகத்திலிருந்து கடிதமும் வந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு இரண்டும் சேர்ந்தே வந்துகொண்டிருந்தன, ஒலிம்பிக் வருகிற வருஷம் ஒரு கேடும் வரும், கேடு வந்த வருஷம் யார் போகிறார்கள் என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

முதலில் நீச்சலுக்குச் சூசையை அனுப்பினோம். அவர் சங்கு குளிக்கிறவர், தண்ணீருக்குள் போனால் ஒரு காரியத்தோடுதான் மேலே வருவார், ஆகவே குளத்தில் குதித்து அடியில் போய் வெறுந்தரையைத் தடவிக்கொண்டே இருந்தார், மூழ்கிவிட்டார் என்று நான்கு பேர் குதித்துத் தூக்கிவிட்டார்கள். இரண்டாவது புயல் வருஷம். குத்துச்சண்டைக்குப் போனவரின் கப்பல் காற்றில் அலைந்து, ஒலிம்பிக் தீபத்தை அணைத்த மறுநாள் கரையேறியது. மூன்றாவது, கிணறுகளில் உப்பு ஏறிய வருஷம். பளு தூக்கப் போன மிக்கேல் தூக்கவும் செய்தார். ஆனால் எங்கள் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றிலிருந்து எடுத்த குடத்தை வீட்டுக்குப் போகுமுன் வழியில் இறக்கக் கூடாது, இறக்கினால் அது பொதுத் தண்ணீர், முதலில் வருகிறவர் எடுத்துக்கொள்ளலாம். பிறந்ததிலிருந்து இப்படிப் பழகிய மிக்கேல் தலைக்குமேல் தூக்கிய இரும்பை அங்கேயே கீழே போட மனமில்லாமல் மேடையைவிட்டு இறங்கித் தான் தங்கியிருந்த அறைக்கு நடந்தார். வாசலில் மறித்துப் பிடுங்கிக்கொண்டார்கள். உலகத்தின் பட்டியலில் எங்கள் நாட்டுக்கு எதிரே மூன்று முறையும் ஒரே சொல்தான் எழுதியிருந்தது: முடிக்கவில்லை.

நான்காவதாகக் கடல் பொங்கி வடக்குத்தெரு முழுவதும் கடலுக்குள் போன வருஷத்தில் இன்னாசி மாரத்தானுக்குப் போனார். அது நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். எங்கள் தீவின் நீளம் மூன்று கிலோமீட்டர். ஆகவே இன்னாசி நேராக ஓடிப் பழகியதே இல்லை, இந்த முனைக்கு ஓடி, திரும்பி, அந்த முனைக்கு ஓடித்தான் பழகினார். அங்கேயும் மூன்று கிலோமீட்டர் ஆனதும் கால்கள் தாமாகத் திரும்பிவிட்டன, கொஞ்ச தூரம் வந்தபிறகுதான் இது கூனித்தீவு இல்லை என்று நினைவு வந்தது, மறுபடி திரும்பினார். இப்படியே ஒவ்வொரு மூன்றுக்கும். அவர் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது வாசல் பூட்டியிருந்தது, பந்தயம் முடியும் கோடு உள்ளே இருந்தது. கோட்டைத் தாண்டாமல் நிற்கக் கூடாது என்பது விதி. எடுத்ததை வழியில் இறக்கக் கூடாது என்பது வழக்கம். இன்னாசி இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டு, வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

நிலம் இருந்தவரை நிலத்தில் ஓடினார், கடல் வந்ததும் கடலில் ஓடினார்.

செய்தி வந்த மறுநாள் மரைக்காயர் சங்கத்தைக் கூட்டினார். சங்கம் என்றால் அவரும் எஸ்தர் நர்ஸும். ஓடுகிறவருக்கு வழியில் மேசை போட்டுத் தண்ணீர் வைப்பது பந்தயம் நடத்துகிறவர்களின் கடமை என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது, பந்தயம் இப்போது நம் நாட்டுக்கு வருகிறது, ஆகவே மேசை போடவேண்டியது நாம் என்று தீர்மானம் ஆனது. பள்ளிக்கூடத்து மேசை ஒன்றைத் துறையில் கொண்டுபோய்ப் போட்டோம். வீட்டுக்கு வீடு வாரம் ஒரு தம்ளர் தண்ணீர் என்று முடிவானது. எங்கள் தெருக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொண்டுவந்தார்கள், பள்ளிவாசல் தெருக்காரர்கள் எங்களை முந்தவேண்டும் என்று வெள்ளிக்கிழமையே கொண்டுவந்து வைத்தார்கள். தினமும் ஒரு தம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு மற்றதை நான் துறையடித் தொட்டியில் ஊற்றி மூடினேன். தொட்டியின் சாவியை வியாகுலத்திடம் கொடுத்தோம். அவள் அதை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டாள்.

இப்படி அது எங்கள் நாட்டின் காரியங்களில் ஒன்றாக ஆனது. மேற்கே போகிற படகுகள் அவர் வழியில் வலை விரிக்காமல் விலகிப் போயின. பள்ளிக்கூடம் போக அழுகிற பிள்ளைகளிடம் தாய்மார், தரையே இல்லாத இடத்தில் ஒருவர் ஓடுகிறார், உனக்குத் தெருவில் நடக்கக் கால் வலிக்கிறதா என்றார்கள். எஸ்தர் நர்ஸ் நனைந்த பாதத்துக்கு என்று தேங்காய் எண்ணெய் காய்ச்சி வைத்து, அது சிக்கடித்துப்போனதும் வேறு காய்ச்சினார். வருகிற கப்பல்கள் எல்லாம் அவரைப் பார்த்த சேதி சொல்லின. காற்று எதிர்த்தால் மெதுவாகவும், காற்று துணை வந்தால் வேகமாகவும் ஓடுகிறார், உறங்குகிற நேரத்தில் நீரோட்டம் பாதி தூரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, பார்க்கிற கப்பலிடமெல்லாம் கூனித்தீவுக்கு வழி கேட்கிறார், அப்போது யாருக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் எங்கள் தீவு பிறகு தற்செயலாகத்தான் தட்டுப்பட்டது.

"உறங்கிக்கிட்டா ஓடுறாரு?" என்று கொர்னேலி கேட்டான்.

"நீ முழிச்சுக்கிட்டே உறங்கலையா?" என்றாள் வியாகுலம்.

இரண்டாம் வருஷம் அவளுக்கு மறுமணம் பேசி வந்தார்கள். போட்டி முடியவில்லை என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். நான்காம் வருஷம் பங்குச்சாமியார் அவளைக் கூப்பிட்டு, இறந்தவர்களுக்கான பூசை ஒன்று வைத்துவிடலாமா மகளே என்று மெல்லக் கேட்டார். "ஓடுறவருக்கு எதுக்குச் சாமி இறந்தவர் பூசை? வழிப்பயணப் பூசை வையுங்க" என்றாள். அதன்பிறகு வருஷம் ஒரு வழிப்பயணப் பூசை நடந்தது.

ஏழாம் வருஷம் பெரும்புயல் வந்து முப்பது படகுகளையும், துறைக் கொட்டகையையும், எங்கள் கலங்கரை விளக்கத்தையும் கொண்டுபோனது. மேசை போனது, வேறு போட்டோம். தொட்டி தரைக்குள் இருந்ததால் தப்பியது. ஆனால் விளக்கு போனபிறகு வந்த சேதிகள் மாறிவிட்டன. இன்னாசி கிட்டத்தில்தான் இருக்கிறார், இருபது மைலுக்கு அப்பால், ஆனால் எங்களைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார், ஒரு மாதம் வடக்கே பார்த்தோம், ஒரு மாதம் தெற்கே பார்த்தோம் என்று சொன்னார்கள். கொர்னேலி இரண்டு தடவை படகோடு தேடிப் போய், கண்டுபிடிக்காமல் வந்து, அதைப் பற்றிப் பேச்சை எடுத்தவர்களைத் திட்டினான்.

பத்தாம் வருஷம் வந்த பஞ்சம் போல் நாங்கள் பார்த்ததில்லை. சித்திரையில் வற்றத் தொடங்கிய கிணறுகள் ஆனியில் ஏழும் வற்றின. எங்கோ பெரிய நிலங்கள் காய்ந்து கிளம்பிய புழுதி கடல்மேல் மூடி, பகலில் சூரியனை ஒரு செம்புத்தட்டு மாதிரிதான் பார்க்க முடிந்தது. மணல் மாவாகிவிட்டது, வைத்த காலை எடுக்குமுன் தடம் மூடிக்கொள்ளும். தண்ணீர்க் கப்பல் புறப்பட்டுவிட்டது என்று வயர்லெஸ்ஸில் தினமும் சொன்னார்கள். புறப்பட்ட கப்பல் புழுதிக்குள் எங்கள் தீவைத் தேடிக்கொண்டிருந்தது. இளநீர் தீர்ந்தது. எஸ்தர் நர்ஸ் கைக்குழந்தைகளின் உதட்டைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார், பஞ்சை நனைக்கத்தான் தண்ணீர் இல்லை.

அப்போதுதான் எல்லோரும் தொட்டியைப் பற்றிப் பேசினார்கள். அதற்குள் ஏறக்குறைய ஐம்பதாயிரம் தம்ளர் தண்ணீர் இருந்தது. ஒருவரும் வியாகுலத்தின் வீட்டுக்குப் போகவில்லை. துறையில் கூடி அவள் வரும்வரை நின்றோம்.

"மைனி" என்றான் கொர்னேலி, வாய் காய்ந்து வார்த்தை ஒட்டியது. "பத்து வருஷமா வச்சோம். எங்க பங்கும் அதுல இருக்கு. தெறந்துவிடுங்க."

"தெறந்தா என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

"பிள்ளைங்க குடிக்கும்னு அர்த்தம்."

"அவரு வரமாட்டாருன்னு அர்த்தம். நாம எல்லாரும் சேர்ந்து அவரை நடுக்கடல்ல இறக்கி வச்சிட்டோம்னு அர்த்தம். நாளைக்கு வந்து நின்னு தண்ணி எங்கன்னு கேட்டா, நீ சொல்லுவியா, நான் சொல்லவா?"

எஸ்தர் நர்ஸ் கையிலிருந்த குழந்தையை அவளிடம் நீட்டினார். வியாகுலம் அதை வாங்கிக்கொண்டு வெகுநேரம் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, விதியில என்ன போட்டிருக்கு? இந்தத் தண்ணி யாருக்கு?"

"ஓடுகிறவருக்கு, தாயே."

"ஓடுறவருக்குத்தானே. இன்னாசிக்குன்னு போட்டிருக்கா?"

மரைக்காயர் விதிப் புத்தகத்தைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் படித்தார். பேர் ஒன்றும் போடவில்லை, போட்டியில் ஓடுகிற எவருக்கும் என்றுதான் இருக்கிறது என்றார்.

"அப்ப ஓடி வாங்க" என்றாள் வியாகுலம். "நடந்து வர்றவங்களுக்கு ஒரு சொட்டு கிடையாது. வீட்டுலேர்ந்து ஓடி வர்றவங்களுக்குக் காலையில ஒரு தம்ளர், சாயங்காலம் ஒரு தம்ளர். மரைக்காயரே, எல்லாரையும் போட்டியில சேருங்க."

"எல்லாரையுமா தங்கச்சி? எனக்கு முழங்கால்..."

"உங்களுக்குத் தாகம் இல்லன்னா வேண்டாம்."

அன்று மாலைக்குள் அரிசிச் சாக்குகளை வெட்டி, கரியால் எண் எழுதி, நாட்டில் இருந்த நானூற்று முப்பத்தொரு பேரின் நெஞ்சிலும் கட்டினோம். எண்பத்தெட்டை யாருக்கும் கொடுக்கவில்லை, ஆகவே எண்கள் நானூற்று முப்பத்திரண்டுவரை போயின. கொர்னேலி தனக்கு ஒன்றாம் எண்தான் வேண்டும் என்று சண்டைபோட்டு, கடைசியில் முந்நூற்று ஆறு கிடைத்து, தலைகீழாகக் கட்டிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் கோயில் மணியும் பாங்கும் ஒன்றாகக் கேட்டதும் எங்கள் நாடு ஓட ஆரம்பித்தது. பிள்ளைகள் முதலில் ஓடினார்கள், அவர்களுக்குப் பின்னால் தாய்மார் கைக்குழந்தைகளின் முதுகில் எண் கட்டி ஓடினார்கள், படுக்கையில் கிடந்தவர்களைக் கதவுப் பலகையில் கிடத்தி நான்கு நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பலகைமேல் கிடந்த சூசை, குலுக்காதீங்கடா, எனக்கும் எண் இருக்கு என்று கத்திக்கொண்டே வந்தார், மரைக்காயர் குடையை ஊன்றி ஊன்றி ஒரு மாதிரி குதித்து வந்தார். நான் அளவுத் தம்ளரோடு மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டியவன். ஆனால் நடந்து வந்தால் எனக்கும் இல்லை என்று வியாகுலம் சொல்லிவிட்டதால் நானும் ஓடித்தான் வந்தேன்.

முதல் நாட்களில் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கம் போய்விட்டது. அத்தை வீட்டோடு பேசாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடவேண்டி வந்ததால் மூச்சு வாங்கும் இடத்தில் நின்று பேசிக்கொண்டார்கள். "என்ன மச்சான், இன்னைக்கு ஆமை உன்னை முந்திருச்சாமே?" "ஆமைக்கு எண் இல்லையே, அதைத் தள்ளிட்டாங்க." இப்படிப் பேச்சு. தண்ணீர் ஒரு வாய்தான், அதற்கு ஓடுகிற வியர்வையே அதிகம் என்று எஸ்தர் நர்ஸ் கவலைப்பட்டார். ஆனால் படுத்துக்கிடந்த வீடுகளில்தான் முன்பு மனம் விட்டுப்போயிருந்தது. ஓடுகிற வீடுகளில் சாயங்காலம் ஆனதும் செருப்பைத் தேடினார்கள்.

எங்கள் தீவு பவளப்பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. பாறைக்குள் பொள்ளல், வெறும் பொந்துகள். ஒருவர் நடந்தால் ஒன்றும் தெரியாது. நானூறு பேர் ஒரே நேரத்தில் ஓடினால் அடியில் இருக்கிற கடல் அதிரும். படகில் போனவர்கள் அடிப்பலகையில் காலை வைத்தால் உள்ளங்கால் கூசுகிறது என்றார்கள். நாங்கள் அதை ஒரு புதுமையாகப் பேசிக்கொண்டோமே தவிர வேறொன்றும் நினைக்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் காலை ஓட்டம் முடிந்ததும் நான் தொட்டிக்குள் இறங்கினேன். சிமெண்டுத் தரை தெரிந்தது. மூலையில் தேங்கியதைத் துணியில் வடித்து அளந்தேன். மேலே வந்து வியாகுலத்திடம் மட்டும் சொன்னேன்.

"எத்தனை அண்ணாச்சி?"

"ஐம்பது தம்ளர்."

"கைக்குழந்தைங்க எத்தனை?"

"முப்பத்திரண்டு."

"அவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. மிச்சம் படுக்கையில இருக்கிறவங்களுக்கு. மத்தவங்க ஓடி வரட்டும், நான் சொல்லிக்கிறேன்." இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டாள். "நாளைக்கு?"

நான் கையிலிருந்த துணியை மறுபடி பிழிந்து பார்த்தேன்.

மாலை ஓட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். மேசைமேல் ஐம்பது தம்ளர்களும் நின்றதைப் பார்த்ததும் எண்ணத் தெரியாதவர்களுக்கும் புரிந்துவிட்டது. யாரும் கை நீட்டவில்லை. வியாகுலம் பேச வாயைத் திறந்தாள். அப்போது கொர்னேலி கடலைப் பார்த்து, "யாரு அது, இன்னும் ஓடுறது?" என்றான்.

புழுதிக்குள்ளிருந்து இன்னாசி வந்தார். தாடி இடுப்புவரை இருந்தது, ஆள் கழி மாதிரி இருந்தார், முழங்காலுக்குக் கீழே உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது, எண்பத்தெட்டு என்ற எண் வெளுத்து ஓரம் மட்டும் தெரிந்தது. அலையிலிருந்து மணலுக்கு ஒரே மாதிரி அடிவைத்து ஏறினார். நானூற்று முப்பத்தொரு பேரும் நெஞ்சில் எண்ணோடு நிற்பதைப் பார்த்து ஆச்சரியப்படாமல், போட்டிக்காரர்களைப் பார்த்துப் போட்டிக்காரர் தலையாட்டுவதுபோல் தலையாட்டினார். ஆனால் நிற்கவில்லை. எங்களைச் சுற்றி ஓடிக்கொண்டே கேட்டார்.

"கோடு எங்க?"

பத்து வருஷம் மேசையும் தண்ணீரும் எண்ணெயும் பூசையும் நினைத்த எங்களில் ஒருவர்கூடக் கோட்டை நினைக்கவில்லை.

கொர்னேலி பாய்ந்து காலால் மணலில் கீறினான். மாவு மணல் மூடிக்கொண்டது. துடுப்பால் இழுத்தான். மூடிக்கொண்டது. கயிறு போடலாம் என்றார் யாரோ. "விதியில் கோடு என்றுதான் இருக்கிறது, கயிறு என்று இல்லை" என்றார் மரைக்காயர், அழுதுகொண்டே. இன்னாசி சுற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் கால் கொஞ்சம் தாழ்ந்தது.

வியாகுலம் மேசையிலிருந்து ஒரு தம்ளரை எடுத்தாள். நனைந்த மணல் நிற்கும் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவள் ஊற்றவில்லை.

"அண்ணாச்சி, எத்தனை ஆகும்?"

பாதையின் அகலத்தைப் பார்த்தேன். "ஒன்பது."

"ஒன்பது பேரோட தண்ணி" என்று அவள் எங்களைப் பார்த்துச் சொன்னாள். "இது இப்ப எனக்குச் சொந்தமில்ல, அவருக்கும் சொந்தமில்ல. ஓடுற எல்லாருக்கும் உள்ளது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. நான் கோவிச்சுக்கமாட்டேன்."

இன்னாசி ஒரு சுற்று முடித்தார். கைக்குழந்தை ஒன்று அழுதது, மேசையைப் பார்த்து. அதன் தாய் அதை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"எனக்கு ஊத்தினா குடிச்சிட்டு நாளைக்கு மறந்துருவேன் மைனி" என்றான் கொர்னேலி. "கீழ ஊத்துங்க."

பலகையிலிருந்து சூசை, "என்னுதையும்" என்றார். பிறகு யார் யாரோ, என்னுதையும் என்னுதையும் என்றார்கள், அத்தனை பேருக்கு அங்கே தண்ணீர் இல்லை.

வியாகுலம் குனிந்து ஊற்றிக்கொண்டே பின்னால் நடந்தாள். தம்ளர் தம்ளராக நான் எடுத்துக் கொடுத்தேன். கறுப்பாக ஒரு கோடு வெள்ளை மணலில் விழுந்து அப்படியே நின்றது. இன்னாசி துறைமுனைவரை தள்ளிப் போய், திரும்பி, நேராக ஓடி வந்து அதைத் தாண்டினார். தாண்டியபிறகும் கால்கள் கொஞ்ச நேரம் ஓடின. பிறகு நின்றார். அவர் நின்றதை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம்.

அவருக்குப் பின்னால் பிள்ளைகள் தாண்டினார்கள். அதன்பிறகு யாரும் சொல்லாமலே எல்லோரும் தாண்டினோம், கைக்குழந்தைகளோடும், பலகைகளோடும், குடையோடும், நானூற்று முப்பத்தொரு பேரும், ஒருவர் விடாமல். மரைக்காயர் தாண்டிய இடத்திலேயே உட்கார்ந்து, "முடித்தது" என்றார், "முடித்தது, முடித்தது" என்று நாட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தார்.

வியாகுலம் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன கோலம் இது?"

"கூனி காயப்போட்டிருக்கியா? அஞ்சு மைலுக்கு அப்பாலேயே வாசம் வந்துச்சு."

"வாசத்தைப் பிடிச்சா வந்தீங்க?"

"இல்ல. சத்தம் கேட்டுச்சு. காலையிலயும் சாயங்காலமும், கடலுக்கடியில, நிறையக் கால் ஓடுற மாதிரி. மைதானம் பக்கத்துலதான் இருக்குன்னு நினைச்சேன்." அவர் மேசையைப் பார்த்தார். "இது ஓடுறவங்களுக்கா?"

"குடிங்க."

நான்கு தம்ளர் குடித்தார். ஒவ்வொன்றையும் மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்து, கவிழ்த்து வைத்தார். ஐந்தாவதை நீட்டியபோது வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு, ஏதோ மறந்திருந்ததுபோல் கடல் பக்கம் திரும்பினார். "பின்னால ஒரு கப்பல் வருது. மூணு நாளா என் முதுகைப் பார்த்துக்கிட்டே வருது. தண்ணிக் கப்பலாம். கூனித்தீவுக்கு வழி தெரியுமான்னு என்னைக் கேட்டாங்க. எனக்கும் தெரியாது, ஆனா சத்தம் கேக்குது, வாங்கன்னு சொன்னேன்."

சூரியன் இறங்குமுன் புழுதியைக் கிழித்துக்கொண்டு அது வந்து நங்கூரம் போட்டது. குழாய்களை இழுத்து, குடங்களை வரிசையில் வைத்து, படுக்கையில் இருந்தவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் முதலில் என்று எஸ்தர் நர்ஸ் சத்தம் போட, ஜனங்கள் குடித்துவிட்டுத் தலையிலும் ஊற்றிக்கொண்டார்கள். கொர்னேலி நெஞ்சிலிருந்த எண்ணை அவிழ்க்காமலே குளித்தான். எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு மேசையைத் துடைக்கப் போனேன். ஊற்றியது ஒன்பது, இன்னாசி குடித்தது நான்கு. நிறைந்தபடி மீதி நின்ற தம்ளர்கள் முப்பத்தேழு.